நமது பிரதிநிதி எந்தப் பக்கம் வாக்களித்தார்?

2020ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 22ஆம் திகதி, அரசியலமைப்பின் இருபதாவது திருத்தச் சட்டமூலம் 156 வாக்குகள் ஆதரவாகவும் 65 வாக்குகள் எதிராகவும் பெற்றுப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 225 பேர் கொண்ட சபையில் மூன்றில் இரண்டு என்பது 150. எதிரணி வரிசையிலிருந்து எட்டு உறுப்பினர்கள் ஆதரவளித்தனர். 156இலிருந்து எட்டைக் கழித்தால் 148 எஞ்சுகின்றது. இந்தச் சின்னக் கணக்கே அன்றைய இரவின் முழு அரசியலும் ஆகும். அந்த எட்டுப் பேரில் அறுவர் முஸ்லிம் உறுப்பினர்கள். அவர்களுள் ஒருவர், ஏறத்தாழ மூன்று தசாப்தங்களின் பின்னர் புத்தளம் மாவட்டத்தின் வாக்குகளால் தெரிவு செய்யப்பட்ட முஸ்லிம் பிரதிநிதியான அலி சப்ரி ரஹீம். கொவிட் தொற்றினால் மரணித்தோரின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டுக் கொண்டிருந்த நாட்கள் அவை என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

குறிஞ்சிப்பிட்டி முதலான கற்பிட்டிக் குடாநாட்டு ஊர்களில் அந்த வாக்களிப்பைப் பற்றி இன்றும் பேசுவோர் உண்டு. ஆனால் அதற்கு முன்னரும் பின்னரும் நடைபெற்ற பல வாக்கெடுப்புகளில் நமது மாவட்டத்தின் எட்டு உறுப்பினர்களும் எந்தப் பக்கம் நின்றனர் என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே. தேர்தல் மேடையில் கேட்ட உரை நினைவில் நிற்கின்றது. ஐந்தாண்டு கால வாக்களிப்பு நினைவில் நிற்பதில்லை. இந்த மறதியை ஈடுசெய்வதற்கென்றே சில நாடுகளில் பொது அமைப்புகள் ஒரு வழிமுறையை நீண்ட காலமாகக் கையாண்டு வருகின்றன. சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்குகளைத் தொகுத்து அவர்களுக்குப் புள்ளியிடும் முறையே அது. அது எவ்வாறு இயங்குகின்றது, நமது நாட்டுக்கு எந்தளவு பொருந்தும் என்பதை இங்கு நோக்குவோம்.

இம்முறை செழித்து வளர்ந்த இடம் அமெரிக்கா. 1893இல் தோன்றிய மதுக்கடை எதிர்ப்புச் சங்கம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. மாநில சட்டமன்றங்களிலும் மத்திய சட்டமன்றத்திலும் ஒவ்வோர் உறுப்பினரும் மதுவுக்கு ஆதரவாக வாக்களித்தாரா, எதிராக வாக்களித்தாரா என்ற ஒரே கேள்வியை மட்டுமே அச்சங்கம் கேட்டது. அவர் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர், ஏனைய விடயங்களில் எப்படிப்பட்டவர் என்பனவற்றையெல்லாம் அது பொருட்படுத்தவில்லை. வீட்டில் குடிப்பவராயினும் சபையில் மதுவுக்கு எதிராகக் கையுயர்த்தினால் அவர் சங்கத்தின் நண்பரே! 1919இல் மதுவிலக்குத் திருத்தம் அங்கீகரிக்கப்பட்டமைக்கு இந்தக் கண்டிப்பான கணக்கு பெரிதும் துணை நின்றது. 1933இல் அத்திருத்தம் நீக்கப்பட்டது என்பது வேறு கதை.

இன்றைய புள்ளி அட்டைகளின் வடிவத்தை விளங்கிக் கொள்ள, 1947இல் உருவான ‘ஜனநாயக நடவடிக்கைக்கான அமெரிக்கர்கள்’ என்ற அமைப்பின் முறையை எடுத்துக் கொள்ளலாம். வருடத்தின் முக்கியமான இருபது வாக்கெடுப்புகளை அது தெரிவு செய்யும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளிகள். அமைப்பின் நிலைப்பாட்டுக்கு இணங்கப் பதினைந்து தடவை வாக்களித்தவருக்கு 75 கிடைக்கும். சமுகமளிக்காத வாக்கெடுப்புக்குப் புள்ளி இல்லை. அதாவது வராமல் இருந்தவரும் எதிர்த்து வாக்களித்தவரும் அட்டையில் ஒன்றே. 1970ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் சுற்றாடல் வாக்காளர் கழகமும் இவ்வாறே கணிக்கின்றது. துப்பாக்கி உரிமையாளர்களின் சங்கமோ பாடசாலை அறிக்கை போல எழுத்துத் தரம் வழங்குகின்றது. இவ்வமைப்புகளுட் பலவற்றுக்கு மாநிலக் கிளைகள் உள்ளன. அவை மாநில சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தனியே அட்டை வெளியிடுகின்றன. தேசிய மட்டத்தில் ஒரு பிரதிநிதி என்ன செய்தார் என்பதைப் பத்திரிகைகள் எழுதிவிடும். மாநில மட்டத்து உறுப்பினரைப் பற்றி எழுத ஆளில்லை. ஆகவே அங்குதான் இத்தகைய அட்டை அதிகம் வாசிக்கப்பட வேண்டியதாகின்றது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை எவையும் நடுநிலையான பரீட்சைகள் அல்ல. எது சரியான விடை என்பதைப் புள்ளியிடும் அமைப்பே தீர்மானிக்கின்றது. ஒரே உறுப்பினர் ஓர் அமைப்பிடம் 95 புள்ளிகளும் மற்றோர் அமைப்பிடம் 5 புள்ளிகளும் பெறுவது அங்கு சாதாரணம். அதில் தவறேதும் இல்லை. வாசிப்பவர் யார் புள்ளியிட்டார் என்பதை அறிந்திருந்தால் போதும். ஆபத்து வேறிடத்தில் இருக்கின்றது. எந்த வாக்கெடுப்புகளைத் தெரிவு செய்வது என்பதிலேயே முடிவின் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது. சபை இரண்டாகப் பிளவுபட்ட வாக்கெடுப்புகளை மட்டும் பொறுக்கியெடுத்தால், நடுவில் நிற்பவர்களும் ஓரங்களில் நிற்பவர்கள் போலத் தோற்றமளிப்பர். ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற அரசியல் ஆய்வாளர் இதனை 1992இல் வெளியான தமது கட்டுரையில் ‘செயற்கையான தீவிரம்’ என்று குறிப்பிட்டார்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். வெரிட்டே ரிசேர்ச் என்ற ஆய்வு நிறுவனம் ‘மந்திரி.எல்கே’ என்ற பெயரில் மும்மொழிகளிலும் நடத்தி வந்த கணிப்பு, இலங்கையில் இத்துறையில் செய்யப்பட்ட மிக விரிவான முயற்சி எனலாம். ஹன்சார்ட் அறிக்கைகளை வரிக்கு வரி வாசித்து, ஒவ்வோர் உறுப்பினரும் எந்தத் தலைப்பில், எத்தகைய பங்களிப்பைச் செய்தார் என வகைப்படுத்தித் தரவரிசைப்படுத்தும் பணி அது. ஆனால் அது அளப்பது உழைப்பையே, நிலைப்பாட்டை அன்று. சுகாதாரம் பற்றி அதிகம் பேசிய உறுப்பினர் முன்னிலை பெறுவார். அவர் பேசியது மக்களுக்கு நன்மையா தீமையா என்ற கேள்விக்குள் அது புகுவதில்லை. இந்தியாவில் 2005 முதல் இயங்கும் பி.ஆர்.எஸ். அமைப்பும் வருகை, கேள்விகள், விவாதப் பங்கேற்பு ஆகியவற்றையே கணக்கிடுகின்றது. 2015இல் நமது நாட்டில் தொடங்கப்பட்ட மார்ச் 12 இயக்கம், தேர்தலில் நிறுத்தப்படும் வேட்பாளருக்கு எட்டு அளவுகோல்களை முன்வைத்தது. பயனுள்ளதே, ஆயினும் அது சபைக்குள் நுழையும் வாயிலில் செய்யும் சோதனையே தவிர, உள்ளே சென்றபின் செய்யும் கணக்கெடுப்பு அல்ல.

வாக்குகளைக் கொண்டு மதிப்பிடும் அட்டை ஏன் இங்கு வேரூன்றவில்லை? எவருக்கும் அக்கறையில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நமது சபையின் நடைமுறையிலேயே பல இடர்ப்பாடுகள் உள்ளன.

முதலாவது, எல்லா முடிவுகளுக்கும் பெயர் பதிவாவதில்லை. சபாநாயகர் வினா விடுக்க, உறுப்பினர்கள் குரலெழுப்ப, சட்டமூலம் நிறைவேறியதாக அறிவிக்கப்படும். யாரேனும் ஓர் உறுப்பினர் வாக்கெடுப்பைக் கோரினாலன்றிப் பெயர்கள் பதியப்படா. 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தின் இரண்டாம் மதிப்பீடு 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. குழுநிலைத் திருத்தங்களுக்குப் பின்னரான மூன்றாம் மதிப்பீடோ வாக்கெடுப்பின்றியே முடிந்தது. உயர் நீதிமன்றம் கூறிய திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சியினர் குற்றஞ்சாட்டியது அந்தக் கடைசிக் கட்டத்தைப் பற்றியே. மிகவும் சர்ச்சைக்குரிய அந்தக் கட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் இல்லை. 2018 நவம்பர் மாதத்தில் நிலைமை இதைவிட மோசம். மிளகாய்த்தூள் வீசப்பட்ட சபையில், பிரதமராக நியமிக்கப்பட்டிருந்தவருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணை குரல் மூலமே நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது.

இரகசிய வாக்கெடுப்பு என்பது இன்னொரு திரை. 2022 ஜூலை 20ஆம் திகதி ஜனாதிபதியைத் தெரிவு செய்தபோது ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளையும் டலஸ் அழகப்பெரும 82 வாக்குகளையும் அநுர குமார திசாநாயக்க 3 வாக்குகளையும் பெற்றனர். அந்த நான்காண்டுகளில் நாட்டு மக்களை மிகவும் பாதித்த வாக்கெடுப்பு அதுவே. ஆனால் எந்த உறுப்பினர் யாருக்கு வாக்களித்தார் என்பதை எந்த அட்டையாலும் காட்ட முடியாது. ஆதரிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்த கட்சிகளின் எண்ணிக்கையும் பெட்டியிலிருந்து வெளிவந்த எண்ணிக்கையும் பொருந்தவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்தது கட்சிக் கட்டுப்பாடு. கட்சியிலிருந்து நீக்கப்படும் உறுப்பினர் ஆசனத்தையும் இழக்கலாம் என்கின்றது அரசியலமைப்பின் 99(13) உறுப்புரை; அவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் முறையிடலாம். நீண்ட காலமாக இந்த ஏற்பாடு பல்லில்லாத பாம்பாகவே கருதப்பட்டு வந்தது. 2023 ஒக்டோபரில் முன்னாள் அமைச்சர் நசீர் அஹமட், கட்சியின் தீர்மானத்துக்கு மாறாக வரவு செலவுத் திட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தமைக்காக முஸ்லிம் காங்கிரஸ் அவரை நீக்கியது செல்லும் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆசனம் பறிபோயிற்று. எனவே ஓர் உறுப்பினரின் வாக்கு அவருடைய சொந்த மனச்சாட்சியின் வாக்கா, கொறடாவின் வாக்கா என்ற கேள்வி எழுகின்றது. நமது கருத்தில் இதற்குப் பதில் இலகுவானதே. மக்களுக்கு விளைவே முக்கியம். எவருடைய கட்டளைக்கு இணங்கி வாக்களித்தார் என்பதல்ல. தவிரவும், இருபதாவது திருத்தத்தின்போது முஸ்லிம் கட்சிகளின் தலைவர்கள் எதிர்த்து வாக்களிக்க, அவர்களின் உறுப்பினர்கள் பலர் ஆதரித்து வாக்களித்த விந்தையையும் நாம் பார்த்திருக்கின்றோம். கட்டுப்பாடு வேண்டியபோது இறுகும், வேண்டாதபோது தளரும்.

இவை எல்லாவற்றையும் விடச் சிக்கலானது, ஒரு வாக்கின் பொருள் என்ன என்பதை நிர்ணயிப்பது. இதற்கு 2017ஆம் ஆண்டின் மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலத்தைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு 30 சதவீத இடத்தை உறுதிப்படுத்துவதற்கென அது சபைக்குக் கொண்டு வரப்பட்டது. குழுநிலையில் முற்றிலும் வேறொன்றாக உருமாறியது. விகிதாசார முறை கைவிடப்பட்டு, தொகுதியும் விகிதாசாரமும் கலந்த முறை புகுத்தப்பட்டது. பரந்து சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு, குறிப்பாக வடக்கு கிழக்குக்கு வெளியே வாழும் முஸ்லிம்களுக்கு, இது பாதகம் என்று எச்சரிக்கைகள் எழுந்தன. முஸ்லிம் கட்சிகள் முதலில் எதிர்த்தன. தொகுதி, விகிதாசாரப் பங்கு ஐம்பதுக்கு ஐம்பது என மாற்றப்பட்டதும் ஆதரித்தன. செப்டெம்பர் 20ஆம் திகதி 159க்கு 37 என்ற வாக்குகளால் அது நிறைவேறியது.

பின்னர் அமைக்கப்பட்ட எல்லை நிர்ணயக் குழுவில், வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தை ஆய்வு செய்தவரும் 2018இல் காலமானவருமான பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்தார். குழுவின் அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி சபைக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒரு வாக்கேனும் இல்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! பழைய முறை சட்டத்தில் இல்லை; புதிய முறைக்கு எல்லை இல்லை. விளைவாக, 2014இன் பின்னர் எந்த மாகாண சபைக்கும் தேர்தல் நடத்தப்படாமலே ஒரு தசாப்தம் கழிந்தது. நமது வடமேல் மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது. அதன்பின் ஆளுநரின் ஆட்சியே.

இப்போது அட்டை எழுதுவோரின் சங்கடத்தை எண்ணிப் பாருங்கள். 2017இல் ஆதரித்தவருக்குப் பெண்கள் பிரதிநிதித்துவத்துக்காகப் புள்ளி கொடுப்பதா, சிறுபான்மையினரைப் பாதித்தமைக்காகக் குறைப்பதா? 2018இல் எதிர்த்தவரை முஸ்லிம்களின் காவலர் என்பதா, தேர்தலை முடக்கியவர் என்பதா? அவ்விரு நாட்களிலும் அரசாங்கத் தரப்போடு ஒத்து வாக்களித்தவர் அட்டையில் எவ்விதம் தோன்றுவார்? ஒற்றை வரியில் சரி, பிழை என்று அடையாளமிட்டு இதனைக் கடந்துவிட முடியாது. வாக்கெடுப்பின் அருகிலேயே நான்கு வரிகளில் விளக்கம் எழுதியாக வேண்டும்.

ஆனாலும் பல ஆண்டுகளின் வாக்குகளை அருகருகே வைத்துப் பார்க்கையில், தனி வாக்கு மறைக்கும் உண்மை தெளிவாகின்றது. 2010இல் பதினெட்டாவது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டியது. 2015இல் பத்தொன்பதாவது அதனைக் குறைத்தது. 2020இல் இருபதாவது மீண்டும் கூட்டியது. 2022 ஒக்டோபர் 21ஆம் திகதி, சரியாக இரண்டாண்டுகளுக்கு ஒரு நாள் குறைய, இருபத்தோராவது மீண்டும் குறைத்தது. இந்த நான்குக்கும் ஆதரவாகக் கையுயர்த்திய ஒருவரின் கொள்கை என்ன? ஜனாதிபதி முறையைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கையும் இல்லை. அதிகாரத்தில் இருப்போரின் அருகில் இருப்பது என்ற ஒரே கொள்கைதான் உண்டு. ஒவ்வொரு தடவையும் அவர் சமூகத்தின் நன்மைக்காகவே அவ்வாறு செய்ததாக விளக்கமளித்திருக்கக் கூடும். நான்கு விளக்கங்களையும் ஒரே தாளில் வாசிக்கும்போதே அவற்றின் எடை தெரியவரும்.

நோக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 மே 24ஆம் திகதி, பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவரைப் பதவி நீக்கும் பிரேரணை 123க்கு 77 என்ற வாக்குகளால் நிறைவேறியது. மின்கட்டண உயர்வை எதிர்த்து நின்றவரை நீக்குவதற்கு எதிராக வாக்களித்தோரில் நமது மாவட்டத்தின் மேற்கூறிய உறுப்பினரும் ஒருவர். வெறும் அட்டையில் அது பாவனையாளருக்கு ஆதரவான வாக்காகப் பதிவாகும். ஆனால் முந்திய நாள் அவர் விமான நிலையத்தில் தங்கத்துடனும் கைத்தொலைபேசிகளுடனும் சுங்கத்தினரிடம் அகப்பட்டுத் தண்டம் செலுத்தியிருந்தார். அரசாங்கத்தின் உயர் மட்டத்தினர் தமக்கு உதவாததாலேயே எதிர்த்து வாக்களித்ததாக அவரே ஊடகங்களிடம் கூறினார். ஐந்து புள்ளிகள் கொடுப்பதா, வேண்டாமா?

வாக்கெடுப்புக்கே வராத விடயங்கள் வேறு. இக்குடாநாட்டின் முகத்தையே மாற்றிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாட் கொள்ளளவு கொண்டது. அதன் முதற்கட்டம் 2011இல் இயங்கத் தொடங்கியது. கொழும்பின் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டத்துக்கு எதிராக 2018இலும் 2019இலும் புத்தளம் மக்கள் வீதியில் இறங்கினர். கடற்றொழிலாளரையும் தோட்டச் செய்கையாளரையும் தலைமுறைக்கும் தொடரப்போகும் இவ்விரண்டையும் தீர்மானித்தது அமைச்சரவை. பெயர் குறித்த பாராளுமன்ற வாக்கெடுப்பு அன்று. இத்தகைய விடயங்களில் உறுப்பினர் கேட்ட கேள்விகள், கொண்டு வந்த ஒத்திவைப்புப் பிரேரணைகள், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் சொன்னவை ஆகியவற்றையும் அட்டை சேர்த்துக் கொள்ள வேண்டும். வாக்கு மட்டும் போதாது.

புத்தளத்துக்கே உரிய மற்றொரு கேள்வியும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் இம்மாவட்டத்திலேயே தஞ்சமடைந்தனர். அவர்களுட் பலரின் வாக்கு மன்னாரில் உள்ளது. வாழ்க்கை இங்கு உள்ளது. சொந்த இடத்தில் வாக்காளராகப் பதிவதற்கு 2013ஆம் ஆண்டின் விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளித்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்ற பஸ் வண்டிகள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. அந்தப் பஸ் வண்டிகளுக்குப் பொதுப்பணம் செலவிட்டதாகக் கூறியே ரிஷாத் பதியுதீன் 2020 ஒக்டோபர் 19ஆம் திகதி, இருபதாவது திருத்த வாக்கெடுப்புக்கு மூன்று நாட்கள் முன்னர், கைது செய்யப்பட்டார். இந்த மக்கள் யாருடைய அட்டையை வாசிப்பது? குடிநீருக்கும் பாடசாலைக்கும் புத்தளத்து உறுப்பினர். காணிக்கும் மீள்குடியேற்றத்துக்கும் வன்னி மாவட்டத்து உறுப்பினர். இரண்டையும் ஒரே பிரசுரத்தில் தர வேண்டியிருக்கும்.

நமது பிரதேசத்தில் ஓர் அமைப்பு இப்பணியை ஏற்குமாயின், வருட ஆரம்பத்திலேயே தனது அக்கறைக்குரிய விடயங்களை எழுத்தில் வெளியிடுவது நலம். வாக்கெடுப்பு முடிந்தபின் நிலைப்பாட்டை எழுதினால், பிடித்தவருக்குப் புள்ளி கூட்டவே எழுதியதாகப் பேசப்படும். அப்பேச்சில் நியாயமும் இருக்கும். வராமல் இருந்தவரைத் தனியாகக் காட்ட வேண்டும். நோயினால் வராதவரும் தேநீர்ச்சாலையில் ஒளிந்திருந்தவரும் ஒன்றல்லர். ஆனால் முக்கிய வாக்கெடுப்புகளில் மட்டும் ஒருவருக்கு அடிக்கடி நோய் வருமாயின் அதுவும் தெரிய வேண்டியதே. அட்டையை அச்சிடும் முன்னர் உறுப்பினருக்கு அனுப்பி, அவரது விளக்கத்தையும் சேர்த்துக் கொள்ளலாம். முஸ்லிம் உறுப்பினரை மட்டும் எடைபோடுவது கூடாது என்பதை நாம் அழுத்திக் கூறுவோம். எட்டு ஆசனங்களில் எமக்குக் கிடைத்தது எப்போதும் சொற்பமே. சிலாபத்திலிருந்தோ வென்னப்புவையிலிருந்தோ சென்றவர் ஜனாஸா விடயத்தில் என்ன செய்தார், மீனவர் எரிபொருள் மானியத்தில் என்ன செய்தார் என்பதும் கற்பிட்டியின் கேள்வியே. உடப்பின் தமிழ் மீனவருக்கும் அதே கேள்வி உண்டு.

மாநில சட்டமன்ற உறுப்பினரை எவரும் கவனிப்பதில்லை என்று அமெரிக்காவைப் பற்றி மேலே சொன்னோம். நமக்கு அந்த இடத்தில் மாகாண சபை இல்லை. கற்பிட்டிப் பிரதேச சபை இருக்கின்றது. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னர் அங்கு மீண்டும் உறுப்பினர்கள் அமர்ந்துள்ளனர். வரவு செலவுத் திட்டத்துக்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, எந்த வீதிக்கு எவர் பிரேரணை கொணர்ந்தார் என்பனவெல்லாம் கூட்டக் குறிப்புகளில் உள்ளன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எந்தப் பிரசையும் அவற்றின் பிரதியைக் கோரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் அறிவிக்க வேண்டும்.